புராஸ்டேட் அழற்சி: ஆண்கள் தணிந்த குரலில் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

பல்லடம் பக்கத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து வந்து, "அண்ணா, நீர்க்கடுப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்கிற ஆண்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது புராஸ்டேட் அழற்சி. அவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த வகை என்று தெரியாமல் மாத்திரையை ஆரம்பிக்காதீர்கள் என்பதைத்தான் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

புராஸ்டேட் எங்கேதாங்க இருக்குது? அதுக்கு என்ன வேலை?

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆண்களுக்கு மட்டும்தான் உண்டு. வாலிபத்தில் பெரிய நெல்லிக்காய் அளவு, எடை சுமார் 20 கிராம். விந்துத் திரவத்தில் ஒரு பங்கு இங்கேதான் சுரக்கிறது. சிறுநீர்க் குழாய் இந்தச் சுரப்பிக்கு நடுவே புகுந்து வருகிறது என்பதுதான் முக்கியம். அதனால் சுரப்பியில் அழற்சி வந்தால் நீர் போகும்போது எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது, போய்விட்டு வந்தும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு எல்லாம் வருகிறது.

ஸ்கேன்ல "கிரேடு 1 வீக்கம்"னு எழுதியிருக்காங்க. அதுதான் இதுங்களா?

இல்லை. வயது ஏற ஏறச் சுரப்பி தானாகப் பெரிதாவது வேறு, அழற்சி வேறு, புற்றுநோய் வேறு. தமிழில் முதல் இரண்டையுமே "வீக்கம்" என்று சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல. ஐம்பது வயதுக்கு மேல் வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில்கூட கிரேடு 1 என்று வருவது சாதாரணம். தொந்தரவு எதுவும் இல்லை என்றால் அந்த ஒரு வரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழற்சி இளவயதுக்காரர்களுக்கும் நடுவயதுக்காரர்களுக்கும் நிறையவே வருகிறது. ஐம்பது வயதுக்குக் கீழ் யூராலஜி (சிறுநீர்ப் பாதைக்கான) டாக்டரிடம் போகிற ஆண்களிடம் அதிகம் காணப்படுகிற பிரச்சினைகளில் இது ஒன்று. முப்பது வயதில் இதெல்லாம் வராது என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எத்தனை வகை இருக்குதுங்க?

நான்கு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1995-ல் வகுத்த பிரிவைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். முதல் வகை, கிருமியால் திடீரென்று வருவது. இரண்டாவது, கிருமி சுரப்பிக்குள்ளேயே தங்கி விட்டுவிட்டு வருவது. மூன்றாவது, கிருமி எதுவும் பிடிபடாமல் இடுப்பின் அடிப்பகுதியில் நீடிக்கிற வலி. நான்காவது, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேறு பரிசோதனையில் தற்செயலாகத் தெரிவது.

இதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இருப்பது மூன்றாவது வகை, அதாவது கிருமியே இல்லாதது. ஆனால் நம் ஊரில் தொண்ணூறு பேருக்கும் முதலில் கையில் கிடைப்பது கிருமியைக் கொல்கிற மாத்திரை.

திடீர்னு குளிர் காய்ச்சல், நீர் போகவே முடியல. கஷாயம் வச்சுக் குடிச்சுட்டு ரெண்டு நாள் பார்க்கலாங்களா?

கூடாது. இது முதல் வகையாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். நடுக்கத்தோடு காய்ச்சல், உடம்பு வலி, அடிவயிற்றிலும் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலும் கடுமையான வலி, நீர் போகும்போது தாங்க முடியாத எரிச்சல் அல்லது சுத்தமாகவே அடைத்துக்கொள்வது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம்.

பெரும்பாலும் ஈ.கோலி என்கிற குடல் கிருமிதான் காரணம். கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்றவையும் உண்டு. வாலிபர்களுக்குப் பாலுறவு வழியாக வருகிற கொனோரியா, கிளமிடியாவும் காரணமாகலாம். சிறுநீர் ட்யூப் போட்ட பிறகோ, புராஸ்டேட்டில் சதைப் பரிசோதனை செய்த பிறகோகூட வரலாம், அப்படி ஏதாவது சமீபத்தில் நடந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை) எடுப்பார்கள், காய்ச்சல் பலமாக இருந்தால் ரத்தக் கல்ச்சரும் எடுப்பார்கள். டாக்டர் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பார். சுரப்பி சூடாகவும் வீங்கியும் தொட்டாலே வலியாகவும் இருக்கும். இந்த நிலையில் சுரப்பியை அழுத்தித் தேய்த்துவிடக் கூடாது, கிருமி ரத்தத்துக்குள் போய்விடும். முடியாதவர்களுக்கு முதலில் ஊசி வழியாக மருந்து, காய்ச்சல் இறங்கியதும் மாத்திரை, மொத்தம் 2 முதல் 4 வாரம். மூன்றாம் நாளே உடம்பு தெம்பாகிவிடும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் மிச்சக் கிருமி சுரப்பிக்குள் தங்கி இரண்டாவது வகையாக மாற வழி இருக்கிறது.

சர்க்கரை இருக்குதுங்க. எனக்கு ஏதாவது தனியாப் பார்க்கணுங்களா?

ஆமாம், கட்டாயம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சுரப்பிக்குள் சீழ் கட்டுகிற வாய்ப்பு அதிகம். சரியான மருந்து போட்டும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள், சீழ் பெரிதாக இருந்தால் வெளியே எடுத்தாக வேண்டும், மாத்திரையால் மட்டும் கரையாது.

தோட்டத்து வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணிலும் ஈரத்திலும் வாழ்கிற ஒரு கிருமியால் வருகிற மெலியாய்டோசிஸ் என்கிற நோய் தென்னிந்தியாவிலும் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் அது பிடிப்பது பெரும்பாலும் சர்க்கரை உள்ளவர்களை, புராஸ்டேட்டில் சீழ் கட்டுவது அதன் அடையாளங்களில் ஒன்று. அதற்கு மருந்தும் வேறு, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

காசநோயும் எப்போதாவது புராஸ்டேட்டைத் தாக்கும். சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கின்றன, சாதாரணக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, எடையும் குறைகிறது என்றால் அந்தப் பக்கமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெருந்துறை சானடோரியம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிற இடம் காசநோய் ஆஸ்பத்திரியாகத் தொடங்கியதுதான். அந்த நோய் நம் பக்கத்தை விட்டு இன்னும் போய்விடவில்லை.

சாதா யூரின் டெஸ்ட் எடுத்துட்டேனுங்க. கல்ச்சர் வேற எதுக்கு?

சாதா டெஸ்ட் சீழ் அணு இருக்கிறதா என்று மட்டும் காட்டும். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைக் கல்ச்சர்தான் சொல்லும். நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலி மிக அதிகம், கல்ச்சர் இல்லாமல் மருந்து எழுதுவது இருட்டில் கல் எறிகிற வேலை.

எடுக்கிற முறை ரொம்ப முக்கியம். உறுப்பைத் தண்ணீரால் கழுவி, முதலில் வருகிற நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் தருகிற கிருமி நீக்கிய டப்பாவில் பிடியுங்கள். வீட்டு டப்பா வேண்டாம். பிடித்ததை இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாயில் போவதற்கு முன்பே இதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மாத்திரை உள்ளே போனாலும் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் எந்த வகை என்றே தெரியாமல் போய்விடும்.

மாத்திரை சாப்பிட்டா சரியாகுது, நிறுத்தினா ரெண்டு மாசத்துல மறுபடி வருது. ஏனுங்க?

ஒவ்வொரு முறையும் கல்ச்சரில் அதே கிருமி வருகிறதா என்று பழைய ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கிருமி என்றால் அது இரண்டாவது வகையாக இருக்கலாம். இதை உறுதி செய்ய ஒரு எளிய பரிசோதனை உண்டு. முதலில் ஒரு டப்பாவில் சிறுநீர் பிடிப்பார்கள், பிறகு டாக்டர் விரலால் சுரப்பியை அழுத்தித் தேய்த்துவிட்டு, அதன்பின் வருகிற சிறுநீரை இன்னொரு டப்பாவில் பிடிப்பார்கள். முதல் டப்பாவைவிட இரண்டாவதில் கிருமி பத்து மடங்கு இருந்தால் அது சுரப்பிக்குள் இருந்துதான் வருகிறது. பழைய நான்கு டப்பா முறை 1968-ல் வந்தது, அதன் சுருக்கம்தான் இது.

புராஸ்டேட்டுக்குள் எல்லா மருந்தும் போகாது. நீர்க்கடுப்புக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரில் நன்றாக வேலை செய்யும், சுரப்பிக்குள் போதுமான அளவு ஏறாது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் ஏறும். கிருமி அடங்குமானால் அவற்றில் ஒன்றை 4 முதல் 6 வாரம் தருவார்கள். ஐந்து நாள் கோர்ஸ் எல்லாம் இதற்குப் போதாது.

மருந்துக்கடைக்காரனாகச் சில எச்சரிக்கைகள். சிப்ரோ, லெவோ வகையைப் பாலோடும் தயிரோடும் போடாதீர்கள், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் நெஞ்செரிச்சல் சிரப்புக்கும் முன்பாக இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து ரத்தத்தில் சேராது. குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாண் வலித்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், தசைநாண் அறுந்துபோன சம்பவங்கள் உண்டு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

கல்ச்சர்ல கிருமி இல்லைங்கறாங்க. ஆனா வலி போகமாட்டேங்குது. எனக்கு மனசுலதான் பிரச்சினைங்களா?

மனசில் இல்லை, வலி நிஜம். இதுதான் மூன்றாவது வகை, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே பாதிக்கு மேல் இவர்களுக்காகத்தான்.

கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது வலி இருந்து, கிருமியும் பிடிபடாமல், வேறு காரணமும் இல்லை என்றால் இந்தப் பெயர் வைக்கிறார்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, அடிவயிற்றில், இடுப்பில், உறுப்பின் நுனியில், சிலருக்கு விந்து வெளியாகும்போது வலி. ஒரு வாரம் ஒன்றும் இருக்காது, அடுத்த வாரம் உட்காரவே முடியாது. இதை உறுதி செய்கிற ஒற்றை டெஸ்ட் கிடையாது. மற்றவை இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இங்கே வந்து சேர வேண்டும். அதனால் டாக்டர் சிறுநீர்ப்பைக் கல், குழாய் அடைப்பு, விதைக் கோளாறு எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். வலி, சிறுநீர்த் தொந்தரவு, அன்றாட வாழ்க்கை மூன்றுக்கும் சேர்த்து 0 முதல் 43 வரை மதிப்பெண் போடுகிற ஒரு கேள்வித்தாள் உண்டு, சிகிச்சை பலிக்கிறதா என்று மாதா மாதம் ஒப்பிட அது நன்றாக உதவும்.

காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு இடுப்பின் அடித்தளத் தசைகள் எந்நேரமும் இறுகிக் கிடக்கும், இன்னொருவருக்கு நரம்பு அளவுக்கு மீறி வலியைச் சொல்லும், வேறொருவருக்குக் கவலையும் தூக்கமின்மையும் வலியைப் பெரிதாக்கும். அதனால் எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுத முடியாது. தசை இறுக்கம் இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், தசையைத் தளர்த்தச் சொல்லித் தருவார். யூட்யூபில் பார்த்துவிட்டு இடுப்பைச் சுருக்கிப் பிடிக்கிற பயிற்சியைத் தினமும் நூறு முறை செய்கிறவர்களைப் பார்க்கிறேன், ஏற்கெனவே இறுகின தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். நீர் அடைப்பு இருந்தால் டாம்சுலோசின் வகை, நரம்பு வலி என்றால் அமிட்ரிப்டிலின் அல்லது பிரிகாபலின் சிறிய அளவில், வலி கூடுகிற நாட்களில் மட்டும் வலி மாத்திரை. எல்லாம் டாக்டர் சொன்னபடி. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

அப்போ ஆன்டிபயாட்டிக் வேண்டவே வேண்டாங்களா?

புதிதாக வந்த தொந்தரவு என்றால் டாக்டர் ஒரு முறை 4 முதல் 6 வாரம் கொடுத்துப் பார்ப்பது உண்டு, அதில் தப்பில்லை. அதற்கு அசையவில்லை என்றால் பெயரை மாற்றி மாற்றி அடுத்தடுத்த கோர்ஸ் போடுவதில் பயன் இல்லை. 2004-ல் வெளியான ஒரு ஆய்வில் நாள்பட்ட வலியுள்ள 196 ஆண்களுக்குச் சிப்ரோ, டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது வெறும் மாவு மாத்திரை என்று ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மாவு மாத்திரையைவிட மருந்து பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை.

லெவோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் போன்றவை 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் "சீட்டு கொண்டு வாங்க" என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

லாரி ஓட்டறேனுங்க, உட்கார்ந்தே வேலை. அதனால வந்துச்சுங்களா?

உட்காருவதால் மட்டும் கிருமி வராது. ஆனால் மூன்றாவது வகை இருப்பவர்களுக்கு நீண்ட நேரம் உட்காருவது வலியைக் கூட்டும். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் மிஷினை விட்டு எழாத டெய்லர்கள் எல்லாரும் இதில் அடக்கம். கூடவே, வழியில் நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பதும், வந்த நீரை அடக்குவதும் சேர்ந்துகொள்கிறது. அது கல்லுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழி.

முடிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள். நடுவில் பள்ளம் உள்ள குஷன் போட்டு உட்காருங்கள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அகலமான பேசினில் இளஞ்சூடான தண்ணீர் விட்டு 15 நிமிடம் இடுப்பு மூழ்க உட்கார்ந்தால் தசை தளரும், செலவில்லாத நல்ல வைத்தியம். மலச்சிக்கல் இருந்தால் வலி கூடும், அதையும் கவனியுங்கள். காரம், காபி, சாராயம் மூன்றில் எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாக இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அரிசி பருப்புச் சாதம் தாராளமாகச் சாப்பிடலாம், மிளகாயை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இது உடம்புச் சூடுதானுங்க? கால் கட்டை விரல்ல சுண்ணாம்பு தடவுனா போயிரும்னு அப்புச்சி சொல்றாரு.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்து வருகிற சாதாரணக் கடுப்பு, இளநீரும் மோரும் குடித்து ஓய்வெடுத்தால் தானாகவே அடங்கும். சுண்ணாம்பு புராஸ்டேட் வரை எட்டாது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற பூளைப்பூச் செடியைச் சித்த வைத்தியத்தில் சிறுநீர்க் கோளாறுகளுக்கு நெடுங்காலமாகச் சேர்க்கிறார்கள், நெருஞ்சிலும் அப்படித்தான். சித்த மருத்துவம் படித்தவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காய்ச்சல் இருக்கும்போது அதை நம்பி உட்காரக் கூடாது, சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்கவும் கூடாது.

கைப்பழக்கத்தால வந்துச்சுன்னு லாட்ஜ்ல வந்து பார்க்கற வைத்தியர் சொன்னாருங்க.

பொய். சுய இன்பத்தால் புராஸ்டேட் அழற்சி வராது, விந்து வெளியேறுவதால் எந்தத் தீங்கும் இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவர் போஸ்டரைப் பார்த்துப் போய், பயத்தை விலை கொடுத்து வாங்கி, ஆயிரக்கணக்கில் லேகியத்துக்குக் கொட்டிவிட்டு வருகிற கல்யாணமாகாத பையன்களை நினைத்தால் மனசு கொதிக்கிறது. தம்பி, உனக்கு வலி இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, அங்கே யாரும் உன்னைக் கேலி செய்யப் போவதில்லை.

வீட்டுக்காரிக்கு ஒட்டுங்களா? குழந்தை பிறக்கறதுல சிக்கல் வருங்களா?

பாலுறவு நோய்க் கிருமியால் வந்திருந்தால் மட்டும் ஒட்டும், அப்போது இருவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும், முடியும்வரை உறவு வேண்டாம். மற்ற வகைகள் ஒட்டாது. நாள்பட்ட அழற்சி சிலருக்கு விந்தணுவின் தரத்தைக் குறைக்கலாம், ஆனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. வலியால் உறவைத் தவிர்க்கிறீர்கள் என்றால் காரணத்தை வீட்டில் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விலகினால் அவர்கள் வேறு மாதிரி நினைத்து வேதனைப்படுவார்கள்.

பி.எஸ்.ஏ. அதிகம்னு வந்திருச்சு. கேன்சருங்களா?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம், ரத்தத்தில் அளந்து பார்ப்பார்கள். அழற்சியிலும் அது ஏறும், சில சமயம் மிக அதிகமாகவே ஏறும். காய்ச்சலோடு தொற்று இருக்கும்போது அதைப் பார்ப்பதில் பொருளில்லை. குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் யூராலஜி டாக்டர் அடுத்து என்ன என்று சொல்வார், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

டாம்சுலோசின் ஆரம்பிச்சதுல இருந்து விந்து குறைவா வருது, தலை சுத்துது.

இரண்டும் அந்த மாத்திரையால்தான். விந்து குறைவாக வருவதோ வராமலே போவதோ ஆபத்தில்லை, நிறுத்தினால் பழையபடி ஆகும். தலைசுற்றல் ஆரம்பத்தில் வரும், சாப்பிட்ட பிறகு போட்டு, படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள். கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். கருவிழி தளர்ந்துபோய் ஆபரேஷனில் சிக்கல் வரலாம். நம் பக்கம் இலவசக் கண் முகாமுக்கு அப்பாவை பஸ் ஏற்றி அனுப்புகிற பிள்ளைகள் மாத்திரை அட்டையையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

நாலாவது வகைக்கு என்ன வைத்தியம்?

பொதுவாக ஒன்றும் வேண்டாம். சதைப் பரிசோதனையிலோ, குழந்தைக்காகச் செய்கிற விந்துப் பரிசோதனையிலோ தெரிய வரும். தொந்தரவு இல்லாததற்கு மருந்தும் தேவையில்லை.

எங்க போறது, என்ன எடுத்துட்டுப் போறது?

யூராலஜி டாக்டர். கிட்னி டாக்டர் என்று கேட்டால் சில இடங்களில் டயாலிசிஸ் பார்க்கிறவரிடம் அனுப்பிவிடுவார்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலும் யூராலஜி பிரிவு இருக்கிறது. பழைய கல்ச்சர் ரிப்போர்ட், ஸ்கேன், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அட்டை இல்லையென்றால் வாங்கின கடையில் பில்லைக் கேட்டு வாங்குங்கள். போவதற்கு முன் மூன்று நாள், பகலில் எத்தனை முறை, ராத்திரி எத்தனை முறை நீர் போனது, எப்போது வலித்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். உள்ளே போனதும் கூச்சத்தில் வார்த்தை வரவில்லை என்றால் அந்தத் தாளை நீட்டினாலே போதும்.